செருப்பில்லாத ஒன்பது ஞாயிறு

நான் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். அதை என் மனைவி விமலராணி மாற்றும்வரை வேறு யாராலும் மாற்ற முடியாது.

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பலெர்மோவில் எங்கள் மூன்றாம் மாடிச் சமையலறையில் நின்றபடி நான் எடுத்த முடிவு இது: கிறிகோரியின் ஞாயிற்றுக்கிழமையில் எவரும் கைவைக்கக் கூடாது. கிறிகோரி என்பது நான்தான். கிழமையில் ஆறு நாள் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய எசமானியின், வீட்டில் தரை துடைக்கிறேன், யன்னல் துடைக்கிறேன், அவவின் நாயை உலாத்தக் கூட்டிப் போகிறேன். வரும்போது நாய் என்னைக் கூட்டி வருகிறது. ஏழாம் நாள் கடவுளே ஓய்வெடுத்தார். வேலை விஷயத்தில் நான் அவருக்குக் கிட்டவும் நிற்க முடியாது. ஓய்வு விஷயத்தில் அவருக்குச் சற்றும் குறைந்தவன் இல்லை.

ஞாயிறு என்றால் எனக்கு முந்நூற்றுநாலு. சீட்டு விளையாட்டு. நாலு பேர் வேண்டும். ஸ்ரீபன், சுஜன், இராசரத்தினம், நான். பதினொரு வருடமாக எங்கள் வீட்டு மேசையில்தான் ஆட்டம். விமலராணி கணவாய் பொரிப்பாள். நாங்கள் சாப்பிடுவோம். அவள் மறுபடியும் பொரிப்பாள். இதைவிட நல்ல ஒழுங்கு உலகத்தில் இருக்க முடியுமா என்று நான் யோசித்ததே இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் பெர்மெஸ்ஸோ வந்து சேர்ந்தது. இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி அட்டை. மாதக்கணக்காகப் பார்த்திருந்து கையில் வாங்கிய சந்தோசத்தில் மூன்று மாடியும் ஓடி ஏறினேன். விமலராணி அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாந்தா றொசாலியா கைவிடேல்லை," என்றாள்.

"ஓம், ஓம்."

"நான் அவவுக்கு நேத்தி வைச்சனான்."

"நல்லது. என்ன நேத்தி?"

"ஒம்பது ஞாயிறு, செருப்பில்லாமல், அடியிலையிருந்து கோயில் மட்டும் மலை ஏறுறதெண்டு."

"ஐயோ பாவம், உமக்குக் கால் நோகப்போகுதே."

"எனக்கேன் நோகுது? ஏறப்போறது நீங்கள்."

மலை என்றால் மொந்தே பெல்லெக்றீனோ. பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் குகைக் கோயில் அதன் மேலே இருக்கிறது. பலெர்மோத் தமிழர் வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்காமல் ஏறுகிற மலை. நானும் போயிருக்கிறேன். பஸ்ஸில்.

"நேத்தி வைச்சது ஆர்?" என்று கேட்டேன்.

"நான்."

"அப்ப நடக்கவேண்டியது ஆர்?"

"பெர்மெஸ்ஸோவிலை ஆற்றை படம் கிடக்கு?"

"என்ரை."

"படம் உங்கடை எண்டால் காலும் உங்கடைதானே."

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். நேர்த்தி வைப்பது ஒருவர், நிறைவேற்றுவது இன்னொருவர். தாய் நேர்த்தி வைப்பாள், பிள்ளைக்கு மொட்டை விழும். மனைவி நேர்த்தி வைப்பாள், புருசனுக்குக் கால் தேயும். 'சம்பந்தப்பட்டவரைக் கேட்டீர்களா?' என்று எந்தப் புனிதரும் இதுவரை விசாரித்ததாகத் தெரியவில்லை.

"நீரும் கூட வாருமன்," என்றேன், கடைசி முயற்சியாக.

"எனக்கெங்கையப்பா நேரம்? என்ரை சிஞ்ஞோராவின்ரை தாய்க்கு ஏலாதாம். இனி ஞாயிறு காலமையும் வரட்டாம்."

மனதுக்குள் ஒரு கதவு திறந்தது. ஞாயிறு காலையில் இவள் வேலையில். அப்படியென்றால் மலை எங்கே, நான் எங்கே என்று பார்க்க ஆளில்லை. எங்கள் வீட்டில் விளையாட முடியாது, அவ்வளவுதான். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஸ்ரீபனின் அறை இருக்கிறது. கடலுக்குப் பக்கம். அவன் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை, ஞாயிறு பின்னேரம்தான் போவான். கணவாய்க்கும் பஞ்சமில்லை.

"ஏறுறன்," என்றேன் கம்பீரமாக.

"நல்லது. இடைக்கிடை ரெலிபோன் எடுத்துக் கேக்கிறன், எங்கை நிக்கிறியள் எண்டு."

கதவு பாதியில் நின்றது. சீட்டாட்டத்தின் நடுவில் போன் வந்தால் இராசரத்தினம் போடுகிற சத்தம் மலை உச்சிவரை கேட்கும்.

"மௌனமாய்த்தான் ஏறவேணும்," என்றேன். "நேத்தியெண்டால் வாய் திறக்கக்கூடாது."

"அப்ப நீங்கள் நடக்கிறது எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு ஸ்ரீபனிடம் ஓடினேன். அவன் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு நீலக் குருவியைக் காட்டினான். ட்விட்டர். அப்போது அது எங்கள் ஆட்களிடம் புதுசு.

"அண்ணை, இதிலை நீங்கள் ஒரு வரி எழுதினாக் காணும். உங்களைப் பின்தொடருற ஆக்கள் எல்லாருக்கும் போகும். மலை முழுக்க நீங்கள் எழுதிக்கொண்டே ஏறலாம்."

"ஏறாமல் எழுதலாமோ?"

"அதுக்குத்தானே அண்ணை சொல்லுறன்."

வீட்டுக்கு வந்து விமலராணியிடம் விளக்கினேன். "வாய்தான் மௌனம். கை மௌனமில்லை. ஒவ்வொரு வளைவிலையும் போனிலையிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். விடுவன். அது குருவியிலை ஏறும். நீர் மட்டுமில்லை, உம்மடை தங்கச்சி கிளறா ரொறன்ரோவிலையிருந்து பாப்பா."

"உந்தக் கோதாரியெல்லாம் எனக்கு விளங்குமே?" என்றாள். "பின்னேரத்திலை மர்லேன்ரை கொம்பியூட்டரிலை எட்டிப் பாக்கிறன்."

மர்லேன் கீழ்வீட்டில் இருக்கிற மொரீசியஸ்காரி. அவளுடைய கம்ப்யூட்டரில், விமலராணியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டே, எனக்கு ஒரு கணக்குத் திறந்தேன். கடவுச்சொல் கேட்டது. ஒளிக்க ஒன்றுமில்லாத புருசன் என்று காட்டவேண்டும் அல்லவா? 'விமலராணி' என்று சத்தமாகச் சொல்லிச் சொல்லியே தட்டினேன். அவள் வெட்கப்பட்டாள். நானும் கொஞ்சம் நெகிழ்ந்து போனேன்.

முதலாம் ஞாயிறு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். மூலையில் திரும்பியதும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பத்து மணிக்கு ஸ்ரீபனின் மேசையில் சீட்டு விழுந்தது.

என் பழைய போனில் தமிழ் எழுத்து இல்லை. அதனால் ஸ்ரீபனின் கம்ப்யூட்டரில் எழுதுவதாக ஏற்பாடு. குருவியைத் திறந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: 'என்ன நடக்குது?' என் மனைவி கேட்கும் அதே கேள்வி, அதே தொனி. நடக்கிறதைத் தவிர மற்றதெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

நூற்றுநாற்பது எழுத்துக்கு மேல் எழுதமுடியாது. அதிலும் தமிழ் எழுத்தோடு ஒட்டுகிற குற்று, விசிறி, கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'சாந்தா றொசாலியா' என்று ஒருதரம் கூப்பிட்டால் பிறகு விண்ணப்பம் வைக்க இடமில்லை. பாவத்தையும் சுருக்கமாகவே செய்யவேண்டியிருந்தது.

'முதலாம் வளைவு. கல் சுடுகிறது. மனம் குளிர்கிறது.' இது என் முதல் வரி. இராசரத்தினம் வாசித்துவிட்டுக் கண்கலங்கினார். அப்போது அவர் கையில் நல்ல சீட்டு இல்லை, அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒரு மணித்தியாலம் கழித்து: 'ஐந்தாம் வளைவு. இரண்டு காலிலும் கொப்பளம். தளரமாட்டேன்.'

பின்னேரம் நாலு மணிக்கு நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். விமலராணி ஒரு பேசினோடு நின்றாள்.

"காலை வையுங்கோ."

"எதுக்கு?"

"கொப்பளமெண்டு எழுதியிருந்தியளே. உப்புப் போட்ட சுடுதண்ணி."

"அது... மலை இறங்கேக்கை மாறிட்டுது."

"உள்ளுக்கை கிடக்கும். வையுங்கோ."

அவள் சொன்ன சுடுதண்ணீருக்கும் நமக்குத் தெரிந்த சுடுதண்ணீருக்கும் நிறைய வித்தியாசம். காலை எடுத்தபோது நிஜமாகவே கொப்பளம் இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை. முடிவு முடிவுதான்.

இரண்டாம் ஞாயிறு எனக்கு ஒன்பது பேர் பின்தொடர்வோர். கிளறா, அவளுடைய சிநேகிதிகள், எங்கள் பங்குக் கோயில் பெண்கள். ஒன்பதாவது ஆளை எனக்குத் தெரியாது. படத்துக்குப் பதிலாக ஒரு முட்டை. புதிதாக வருகிறவர்களுக்குக் குருவி முட்டைதான் கொடுக்கும். பெயர்: அடியாள்.

அடியாள் என்றால் பக்தை. வேறு அர்த்தமும் உண்டு. அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

'அண்ணை, உங்கள் எழுத்தைப் பார்த்து அழுதேன்,' என்று அடியாள் எழுதியிருந்தாள். 'வெறுங்காலோடு நடக்கிற நீங்கள் வெறுவயிற்றோடும் நடக்கிறீர்களா?'

ஒரு பக்தை இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? வாயில் கணவாயை அடக்கிக்கொண்டு தட்டினேன்: 'ஆம் சகோதரி. ஞாயிறு முழுவதும் பாணும் தண்ணீரும்தான்.'

எழுதிய உடனே அடியாள் அதை மறுபதிவு செய்தாள். மறுபதிவு என்றால், ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துத் தன் ஆட்களுக்கும் காட்டுவது. முன்னால் வேலி மாதிரி ஒரு குறி போட்டு #nerthi என்றும் சேர்த்தாள். அந்தக் குறியைத் தொட்டால் என் தியாகம் எல்லாம் வரிசையாக வரும். கோயில் பெண்கள் ஏழு பேர் அதை மறுபதிவு செய்தார்கள். எனக்குப் புல்லரித்தது.

வீட்டுக்குப் போனால் மேசையில் பாண் ரொட்டியும் தண்ணீரும்.

"கறி?"

"ஞாயிறு முழுக்கப் பாண்தானாமே? பின்னேரம் மர்லேன் வீட்டை பாத்தன். எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது அப்பா. இவ்வளவு நாளும் உங்களை விளங்காமல் இருந்திட்டன்."

அவள் என்னை அப்படிப் பார்த்து வருடக்கணக்காகிறது. அந்தப் பார்வைக்காக நான் பாணைச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அடியாள் என்னை விடவில்லை. நானும் விடவில்லை. மூன்றாம் ஞாயிறு: 'அண்ணை, பெருமையை அடக்க என்ன செய்கிறீர்கள்?' நான்: 'வீட்டில் குளியலறை கழுவுகிறேன்.' அன்று பின்னேரம் பிரஷ் கதவடியில் எனக்காகக் காத்திருந்தது. நாலாம் ஞாயிறு: 'கோபத்தை எப்படி வென்றீர்கள்?' நான்: 'மனைவி சொல்வதற்கு மறுபேச்சுப் பேசுவதில்லை.' அது மட்டும் பத்தொன்பது மறுபதிவு. எல்லாம் பெண்கள்.

"அண்ணை, உந்த முட்டையைத் தடை செய்யலாம்," என்றான் ஸ்ரீபன். "ஒரு பட்டன்தான்."

"உனக்கு விசரே? என்னை விளங்கிக்கொண்ட ஒரே ஒரு ஆள் அவள்தான்."

அதை நான் மனதாரச் சொன்னேன். சிஞ்ஞோராவின் வீட்டில் என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நாய்கூட. இங்கே ஒரு முட்டை என்னிடம் ஆலோசனை கேட்கிறது! ஆறாம் ஞாயிறு முடிய முப்பத்துமூன்று பேர் என்னைப் பின்தொடர்ந்தார்கள். நான் பேருந்தில் போகும்போதே அடுத்த வரியை யோசித்துக்கொண்டு போனேன். சீட்டில் கவனம் போய்விட்டது. ஒரே நாளில் மூன்று ஆட்டம் தோற்றேன்.

ஏழாம் கிழமைதான் அந்த விபத்து. வியாழக்கிழமை வேலையால் வரும் வழியில் ஓர் இன்ரர்நெற் கடைக் கம்ப்யூட்டரில் ஸ்ரீபனுக்கு ஓர் அந்தரங்கச் செய்தி அனுப்பினேன். குருவியில் பெயருக்கு முன்னால் d என்று ஓர் எழுத்துப் போட்டால் அது ரகசியம். அவனுக்கு மட்டும் போகும். @ போட்டால் ஊருக்கே போகும். ஏழு கிழமையாகப் பேர் பேராக @ போட்டுப் பழகிய கை. போட்டுவிட்டது.

'@stephen இந்த ஞாயிறு கணவாயைக் கொஞ்சம் கூட்டிப் போடு. போனமுறை காணாது. ஒன்பது முடிஞ்சால் பேந்து எங்கடை வீட்டிலைதான்.'

அனுப்பியபிறகு வாசித்தேன். அழித்தேன். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். பெருமூச்சு விட்டுத் திரையைப் பார்த்தால், அடியாள் அதை முழுதாகப் பிரதி எடுத்துத் தன் பெயரில் போட்டிருந்தாள். என் வரியை நான் அழிக்கலாம். அவள் எடுத்த பிரதியை அழிக்க முடியாது. கீழே ஒரு கேள்வி: 'அண்ணை, இந்தக் கணவாயின் உட்பொருள் என்ன?'

நாற்பது பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ரொறன்ரோவில் கிளறா தூக்கத்தால் எழும்பியிருந்தாள்.

வேறு ஆளென்றால் அந்த இடத்தில் விழுந்திருப்பான். நான் கிறிகோரி. இரண்டு மலைக்கு நடுவில் இருக்கிற வழிக்கும் தமிழில் கணவாய் என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் படித்தது கைகொடுத்தது. உடனே தட்டினேன்: 'கணவாய் என்றால் மலைக் கணவாய். என்னோடு நடக்கும் ஸ்ரீபனிடம் சுற்றுப்பாதையைக் கூட்டச் சொன்னேன். போனமுறை நடந்தது காணாது.'

பதில் மழையாகக் கொட்டியது. 'என்ன மனிசன்!' 'ஒன்பது முடிந்தபின் வீட்டிலும் தியானமாம்!' பங்குக் கோயில் பாட்டுக்குழுத் துஷாந்தி மூன்று ஆச்சரியக்குறி போட்டாள்.

கடைசியாக அடியாள் எழுதினாள்: 'அப்படியானால் ஒன்பதாம் ஞாயிறு எங்களையும் அந்தப் பாதையால் கூட்டிக்கொண்டு போங்கள் அண்ணை. காலை ஏழு மணிக்கு மலையடியில் நாங்கள் எல்லாரும் நிற்கிறோம். வருவீர்கள்தானே?'

'வருவேன்' என்று எழுதாமல் வேறென்ன எழுதமுடியும்? ஐந்து எழுத்துக்கூட இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சின்னப் பதிவு அதுதான், மிகப் பெரிய தவறும் அதுதான்.

எட்டாம் ஞாயிறு சீட்டு விளையாட மனம் வரவில்லை. விமலராணியிடம் ஒன்பதாம் ஞாயிற்றுக்கு அவளும் வரவேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் பக்கத்தில் இருந்தால் ஒரு மயக்கம் போட்டாவது இறங்கிவிடலாம்.

"எனக்கு ஆசைதான் அப்பா. அண்டைக்குச் சிஞ்ஞோராவின்ரை பேரனுக்கு முதல் நன்மை. விடமாட்டினம். நீங்கள் எனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ." முதல் நன்மை என்றால், கத்தோலிக்கப் பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதில் முதன்முறை நற்கருணை வாங்குகிற சடங்கு.

ஒன்பதாம் ஞாயிறு, ஏழு மணி. மலையடியில் இருபத்தாறு பேர் நின்றார்கள். துஷாந்தி பாட்டுக்குழுவோடு வந்திருந்தாள். முட்டை முகத்தை நான் தேடினேன். அடியாள் என்று யாரும் வந்து அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. தாழ்மை என்று நினைத்தேன்.

"அண்ணை, எந்தப் பக்கத்தாலை கணவாய்?" என்று துஷாந்தி கேட்டாள்.

நான் கையைப் பொதுவாக மேலே காட்டினேன். "மௌனம்," என்று வாயில் விரலை வைத்தேன். எட்டுக் கிழமைக்கு முன் சொன்ன பொய் அன்றைக்குத்தான் உதவியது.

செருப்பைக் கழற்றினேன். நடந்தேன். முதலாம் வளைவில் கல் சுட்டது. மனம் குளிரவில்லை. இரண்டாம் வளைவில் கால் என்னிடம் தனியாகக் கதைக்கத் தொடங்கியது. மூன்றாவதில் என்னைப் பின்தொடர்ந்தவர்கள் எல்லாரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். ஐந்தாவதில் கொப்பளம். இரண்டு காலிலும். என் எழுத்தை நானே வாசித்துக்கொண்டு நடந்தேன். தளரமாட்டேன் என்று எழுதியவனை அந்த வளைவில் பிடித்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன்.

ஆனாலும் ஏறினேன். பொய்யில் தொடங்கியதுதான், ஏறியது உண்மை. அரைவாசி வழியில் திரும்பியிருக்கலாம், பஸ் வந்தது, கையைக் காட்டியிருக்கலாம். எடுத்த முடிவு எடுத்ததுதான்.

குகைக்குள் குளிர்ந்த தண்ணீர் மேலேயிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சாந்தா றொசாலியா சிலையாகக் கண்ணாடிக்குள் படுத்திருந்தா. அவவும் ஞாயிற்றுக்கிழமை படுத்திருக்கிறா என்று ஒரு நினைப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. விமலராணிக்காக மெழுகுதிரி கொளுத்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஏழாவது நாளும் ஒரு வீட்டில் சட்டி கழுவுகிறாள். நான் எட்டு ஞாயிறு அவளை ஏமாற்றிக் கணவாய் தின்றிருக்கிறேன். அங்கேயே முடிவெடுத்தேன். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது. இது அசைக்கமுடியாத முடிவு.

வெளியே வந்தபோது எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒரே சிரிப்பு.

"அப்ப அடுத்த ஞாயிறு பாப்பம் அண்ணை!" என்றாள் துஷாந்தி.

"பாப்பம், பாப்பம்," என்றேன். பூசையில் பார்ப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பாட்டுக்குழுவில் ஒருத்தியின் புருசன் காரோடு வந்திருந்தான். என் காலைப் பார்த்து இரங்கி வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். பன்னிரண்டு மணி. வழக்கமாக நான் நாலு மணிக்குத்தான் வருவேன். மூன்று மாடியும் தவழ்ந்து ஏறிக் கதவைத் திறந்தேன்.

பொரித்த கணவாய் மணந்தது.

விமலராணி சோபாவில் இருந்தாள். கால் இரண்டும் கதிரையில். மின்விசிறி அவள் பக்கம் திரும்பியிருந்தது. மடியில் மர்லேனின் கம்ப்யூட்டர். பக்கத்தில் ஒரு தட்டு நிறையக் கணவாய். கம்ப்யூட்டர் திரையில் ஒரு முட்டை.

"நீர் வேலைக்குப் போகேல்லையே?"

"எந்த வேலைக்கு?" என்றாள். பிறகு நேரத்தைப் பார்த்தாள். "கெதியா வந்திட்டியள்."

"சிஞ்ஞோராவின்ரை தாய்?"

"சுகமாய் இருக்கிறா."

"முதல் நன்மை?"

"பேரனுக்கு இருபத்தெட்டு வயசு."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். "அடியாள் நீர்தானோ?"

"ஓம்."

"எப்ப இருந்து தெரியும்?"

"முதல் ஞாயிறே தெரியும். ஒவ்வொரு வரிக்கும் கீழை சின்னதாய்ச் சாம்பல் எழுத்திலை கிடக்கும், எதாலை வந்ததெண்டு. போனிலையிருந்து வந்தால் அப்பிடிப் போட்டிருக்கும். உங்கடையிலை 'வெப் ஊடாக' எண்டு கிடந்தது. மலையிலை ஆரப்பா உங்களுக்குக் கொம்பியூட்டர் வைச்சது?"

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"ஏன் பேசவேணும்? நீங்கள் மலையிலை நிண்டாலென்ன, ஸ்ரீபன் வீட்டிலை நிண்டாலென்ன? இஞ்சை இல்லைத்தானே." அவள் ஒரு கணவாயை எடுத்து நிதானமாகக் கடித்தாள். "பதினொரு வருசம் நாலு பேருக்குப் பொரிச்சனான் அப்பா. பொரிச்ச கணவாயை நான் ஒருநாள் சுடச்சுடச் சாப்பிட்டதில்லை. இந்த ஒம்பது ஞாயிறும்தான் சாப்பிட்டன்."

அது உண்மை. அவள் எப்போதாவது எங்களோடு இருந்து சாப்பிட்டாளா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"அப்ப நேத்தி?" என்றேன் மெதுவாக.

"நேத்தி உண்மைதான். ஒருக்கா ஏறுறதெண்டு. பெர்மெஸ்ஸோ வந்த மற்ற நாளே நான் ஏறியிட்டன். நீங்கள் வேலையிலை நிண்டியள்."

"அப்பிடியெண்டால் ஸ்ரீபன் வீட்டிலை விட்டிருக்கலாம்தானே! ஏன் என்னை மலை ஏத்தினனீர்?"

"ஒம்பது முடிஞ்சால் பேந்து எங்கடை வீட்டிலைதான் எண்டு நீங்கள்தானே எழுதினியள். பிறகு பொரிக்கிறது ஆர்?"

சோபாவின் கைப்பிடியில் இருந்தேன். கால் எரிந்தது. வயிறும் எரிந்தது. சரி, எல்லாம் முடிந்தது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று கையைத் தட்டுப் பக்கம் நீட்டினேன். அவள் தட்டை அங்கால் தள்ளிவைத்தாள்.

"ஞாயிறு முழுக்கப் பாண்தானே உங்களுக்கு."

"ஒம்பதும் முடிஞ்சுதே!"

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். என் படம். என் பெயர். ஒரு மணித்தியாலத்துக்கு முன் நான் எழுதியதாக ஒரு வரி: 'ஒன்பது போதாது என்று குகைக்குள் உணர்ந்தேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் ஏழு மணிக்கு மலையடியில் நிற்பேன்.' முப்பத்தொரு மறுபதிவு. துஷாந்திதான் முதல்.

"இது நான் எழுதேல்லை!"

"கடவுச்சொல் என்ன போட்டனீங்கள்?"

சொன்னேன்.

"பிறகென்ன?"

கடைசி நம்பிக்கையாக அந்த வரிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். இருந்தது! சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில். துள்ளி எழுந்தேன், உடனே இருந்தேன், காலில் கொப்பளம்.

"பாரும்! 'வெப் ஊடாக' எண்டு கிடக்கு. நான் அந்த நேரம் மலையிலை. நான் எழுதேல்லையெண்டு எல்லாருக்கும் விளங்கிடும்!"

"அதை ஆர் பாக்கினம்?" என்றாள் விமலராணி. "உங்கடை எழுத்திலை அதுமட்டும் வாசிக்கிறது உலகத்திலை நான் ஒருத்திதான். எழும்புங்கோ, பாண் வெட்டி வைச்சிருக்கிறன்."